கோடு காட்டிய பக்கம்

டயல் கேஜின் முள் மறுபடியும் நகர்ந்திருந்தது.

அதிகமில்லை, ஒரு மயிரிழைதான். வேறு யாராவது பார்த்தால் நகர்ந்ததாகவே ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஆனால் வெஸ்லி ஹார்யு காப்பி எடுக்க வீட்டுக்குப் போகும் முன், மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, அந்த முள்ளைப் பூஜ்யத்தின் மேல் நிறுத்தி, அது நிற்கிறதா என்று மூச்சை அடக்கிப் பார்த்துவிட்டுத்தான் போனார். திரும்பி வந்து பார்த்தால் பூஜ்யத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. பட்டறையில் வேறு யாரும் இல்லை. வெளியே ஏரியிலிருந்து வரும் காற்று பனியைக் கொண்டுவந்து ஜன்னலில் அறைந்துகொண்டிருந்தது.

"சனியன்," என்றார் மேசையைப் பார்த்து. கோப்பையை வைத்த வேகத்தில் காப்பி பாதி சிந்தியது.

உலோகம் வெட்டும் மில்லிங் மெஷினின் மேல் உட்கார்ந்திருந்தது அந்தச் சுழல்மேசை; அது துளி அசைந்தாலும் டயல் கேஜின் முள் காட்டிவிடும். தோசைக்கல் அகலத்தில், தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும் கனத்தில், வார்ப்பிரும்பு வட்டம் ஒன்று. அதன்மேல் உலோகத் துண்டைப் பூட்டி, பக்கத்திலிருக்கும் கைப்பிடியைச் சுற்றினால் வட்டம் கொஞ்சம் திரும்பும். ஒரு பல் வெட்ட வேண்டும், திருப்ப வேண்டும், அடுத்த பல் வெட்ட வேண்டும். முழுப் பல்சக்கரமும் முடிவதற்குள் கணக்கு ஒருமுறை தப்பினால் போச்சு, துண்டு குப்பைக்கு. அதனால்தான் கைப்பிடியைக் கழற்றிவிட்டு மோட்டார் பொருத்தினார். பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, அதுதான் இண்டெக்ஸர். எத்தனை பல் என்று அதில் தட்டிவிட்டால், பொத்தானை அழுத்த அழுத்த மேசை தானே சம அளவாகத் திரும்பி நிற்கும். அப்படித்தான் நிற்க வேண்டும். ஊரில் எல்லோருக்கும் நிற்கிறது, இவருக்கு மட்டும் நிற்கவில்லை.

இத்தனைக்கும் வேலை இவருடையதுகூட இல்லை. மனைவி மார்லிஸின் காலுறை பின்னும் பழைய இயந்திரத்தில் ஒரு பல்சக்கரம் உடைந்துவிட்டது. அந்தக் காலத்து இரும்பு, கடையில் கிடைக்காது. "நான் வெட்டித் தரேன்" என்று வாயை விட்டார். அப்போது மேப்பிள் மரங்களில் இலை இருந்தது. இப்போது கூரையில் இடுப்புயரம் பனி இருக்கிறது.

"கைப்பிடியச் சுத்தியே வெட்டியிருந்தா எப்பவோ முடிஞ்சிருக்கும்," என்று மார்லிஸ் தினமும் ஒருமுறையாவது சொல்வாள்.

"இது ஒருதடவ செட் ஆயிட்டா அப்புறம் எவ்வளவு வேணாலும் வெட்டலாம்."

"எனக்கு எவ்வளவு வேணாலும் வேணாம் வெஸ். ஒண்ணு போதும்."

அவர் பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

முள் நகர்வதற்கு அவர் கண்டுபிடிக்காத காரணம் இல்லை. பற்களுக்கு நடுவே ஆட்டம் இருக்கிறது என்று மேசையை முழுக்கப் பிரித்து, கழுவி, இறுக்கிப் பூட்டினார். முள் நகர்ந்தது. குழல்விளக்கின் மின்சாரம் மோட்டார் கம்பியில் ஏறுகிறது என்று விளக்கையே மாற்றினார். அப்போதும் நகர்ந்தது. கோபம் தலைக்கேறி மின்சாரத்தையே பிடுங்கிப் போட்டார். ஒரு பக்கமாக நகர்ந்து, பிறகு, வேண்டுமென்றே வெறுப்பேற்றுவது போல, எதிர்ப்பக்கமாகவும் நகர்ந்து வந்தது.

கவுண்ட்டி நிர்வாகத்தின் பனி தள்ளும் லாரி ஓட்டும் ரெய்னோ, பக்கத்துத் தோட்டத்துக்காரன், ஒருநாள் வந்து வாசலிலேயே நின்று பார்த்தான்.

"மோட்டாரயே கழட்டிப் பாத்தியா?"

"கழட்டியாச்சு. அப்பவும் நகருது. உள்ள இருக்கிற வார்ம், அதான் அந்தத் திருகுத் தண்டு, அப்படியே பிடிச்சுக்கும்யா. அதைச் சுத்தினாத்தான் மேச திரும்பும். மேசையப் பிடிச்சு நீ தொங்கினாலும் திரும்பாது."

"அப்ப பூமி சுத்துதோ என்னவோ."

"காப்பி குடிச்சிட்ட இல்ல, கிளம்பு."

ரெய்னோ சிரித்துக்கொண்டே போனான். வெஸ்லி மோட்டாரைத் திரும்ப மாட்டிவிட்டு, கறுவிக்கொண்டே ஒரு காரியம் செய்தார். முள் காட்டுவது மயிரிழை. அது எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று தெரியவில்லை. ஆகவே மேசையின் விளிம்பில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டு, அதை வீட்டைப் பார்த்த ஜன்னலுக்கு நேராக வைத்தார். எங்கே போகிறாய், போய்த்தொலை, பார்க்கிறேன் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அன்று பகல் முழுக்க மண்ணெண்ணெய் அடுப்பு முணுமுணுத்துக்கொண்டிருக்க, வெட்டு எண்ணெயும் ஈரக் கையுறையும் கலந்த வாசனையில் கண் செருகிச் செருகி விழித்துக்கொண்டு, அவர் அந்தக் கோட்டையே பார்த்தார். அது ஜன்னலுக்கு நேராக நின்றது. வெகுநேரம் கழித்து, கடிகாரத்தின் பெரிய முள்ளைப் போல, நகர்வது தெரியாமல் நகர்ந்து வலப்பக்கம் போனது. நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார். மார்லிஸ் விறகு எடுக்க முற்றத்தைக் கடந்து வலப்பக்கமிருந்த, நீராவிக் குளியலுக்கான சௌனாக் குடிலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். குடிலின் புகைபோக்கி புகைந்தது. அவள் உள்ளே போனாள். கோடு நின்றது. அவள் விறகை அணைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். கோடும் திரும்பி வந்தது.

வெஸ்லி கோப்பையைக் கையில் எடுத்தார், அது காலியாக இருந்தது.

அதற்குப் பிறகு அவர் அதைச் சோதித்தபடியே இருந்தார், யாரிடமும் சொல்லவில்லை. மார்லிஸ் சமையலறையில் நின்றால் கோடு சமையலறை ஜன்னலைக் காட்டியது. மாடியில் துணி மடித்தால் கொஞ்சம் இடப்பக்கம். தபால் எடுக்கச் சாலைக்குப் போனால் முழுக்க இடது. பட்டறைக்கு அருகில் நடந்தால் கோடு வேகமாகத் திரும்பியது, தூரத்தில் நடந்தால் மெதுவாக. அது நியாயம்தான். ரயிலிலிருந்து பார்த்தால் பக்கத்து மரம் ஓடுகிறது, தூரத்து மரம் நிற்கிறது. நியாயமில்லாதது மற்றதெல்லாம்.

பயந்தார். அதைவிட, எரிச்சல்பட்டார். நாற்பது வருஷம் கிராமத்துச் சாலைகளில் தபால் கொடுத்தவர் அவர். ஒரு கடிதம் தவறான பெட்டிக்குப் போனாலே தூக்கம் வராது. காரணம் இல்லாத ஒரு பொருள் தன் பட்டறையில், தன் மெஷின் மேல், தான் பொருத்திய மோட்டாரோடு உட்கார்ந்திருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு ஓரத்தில் சின்ன ஆறுதலும் இருந்தது. மார்லிஸுக்குப் போன வருஷம் இதயத்தில் ஒரு கோளாறு வந்து போயிருந்தது. அவள் எங்கே இருக்கிறாள், நடமாடுகிறாளா என்று இங்கிருந்தே தெரிகிறது. பரவாயில்லை, அவளைத்தானே பார்த்துக்கொள்கிறது என்று ஒருமுறை நினைத்துக்கொண்டார்.

மார்லிஸின் தங்கை பெவர்லி படிக்கட்டில் வழுக்கி விழுந்த அன்று காலையிலேயே புயல் எச்சரிக்கை வந்துவிட்டது. இவர்களுடைய கார் பனியில் புதைந்து கிடந்தது. ரெய்னோ லாரியோடு வந்து நின்றான்.

"இந்தப் பனியில போயே ஆகணுமா?" என்றார் வெஸ்லி.

"அவ ஒத்தையா கிடக்கா வெஸ். நான் சாயங்காலத்துக்குள்ள வந்துடுவேன். அடுப்புல சூப்பு இருக்கு, கருக்கிடாத." லாரியின் உயரமான படியில் ஏறி, கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு, அவள் போய்விட்டாள்.

அவர் நேராகப் பட்டறைக்கு வந்தார். கோடு இப்போது இடப்பக்கம் போய், சாலையோடு மெல்ல மெல்ல வடக்கே திரும்ப வேண்டும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது தெரிந்துவிடும். ஸ்டூலில் உட்கார்ந்தார்.

கோடு வீட்டைக் காட்டிக்கொண்டு நின்றது.

வேலை செய்யவில்லை என்றுதான் முதலில் நினைத்தார். ஒரு நிம்மதிகூட வந்தது. கடைசியில் இதுவும் ஏதோ பல் ஆட்டம்தான், உருப்படாத இரும்புதான். விளிம்பை விரலால் தட்டினார். அப்போது கோடு சமையலறையை விட்டு நகர்ந்து, மாடி இருக்கும் பக்கம் போனது. நின்றது. மறுபடி சமையலறை. மறுபடி மாடி.

வீட்டில் யாரும் இல்லை.

அவர் ஜன்னலருகில் போய் நின்றார். கண்ணாடியில் படிந்த பனிப்பூவை உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்தார். சமையலறை விளக்கு எரிந்தது, அவர்தான் அணைக்காமல் வந்திருந்தார். திரைகள் அசையவில்லை. பின்னால் மேசையின் உள்ளே எண்ணெய் பூசிய பற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் சத்தம், மெத்தென்று, எச்சில் விழுங்குவது போலக் கேட்டது. திரும்பினார். கோடு வீட்டை விட்டு வெளியே வந்திருந்தது.

சௌனாக் குடில் பக்கம் போனது. நின்றது. முற்றம். இடப்பக்கம், சாலையோரம், அங்கே வெகுநேரம். லாரி நின்ற இடம் அது. திரும்பவும் வீடு, திரும்பவும் குடில், திரும்பவும் சாலை. வீட்டுக்காரியைத் தேடும் நாய் இப்படித்தான் அலையும். வெஸ்லிக்கு அப்போதுதான் விளங்கியது. இந்த மேசை மார்லிஸைக் காட்டவே இல்லை. ஒருநாள்கூட. மார்லிஸோடு கூடவே நடந்துகொண்டிருந்த ஒன்றைக் காட்டியிருக்கிறது.

முற்றம் முழுக்கப் புதுப்பனி. கோடு அங்கும் இங்கும் அதைக் கடந்தது. பனியில் ஒரு தடம்கூட இல்லை.

கோடு ஜன்னலைத் தாண்டியது. கதவைத் தாண்டியது. காடு இருக்கும் பின்பக்கம் போயிற்று. சுற்றி மறுபக்கம் வந்தது. பட்டறையைச் சுற்றுகிறது. மறுபடி ஜன்னல், இந்த முறை வேகமாக. மறுபடி கதவு, இன்னும் வேகமாக. பக்கத்து மரம் ஓடும். அவருக்கு அந்தக் கணக்கு தெரியும். தெரியாமல் இருந்திருக்கலாம்.

அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் குளிர்ந்தது. நனைத்து அணைத்த அடுப்பின் ஈரச் சாம்பல் நாற்றம் வந்தது.

கோடு நின்றது.

அவரைக் காட்டியது. நேராக, நெஞ்சுக்கு நேராக.

அவர் அசையவில்லை. முதுகுக்குப் பின்னால் ஸ்பானர்கள் மாட்டிய பலகை. பலகைக்கும் அவருக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கும் இடம். என்னைத்தான் காட்டுகிறதா? ஒரு வழி இருந்தது, எளிய வழி. அளவு சரியா என்று பார்க்க, ஒன்றை மட்டும் நகர்த்திப் பார்க்க வேண்டும். இடப்பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தார்.

கோடு நகரவில்லை.

அவர் நின்றிருந்த இடத்தையே காட்டியது. இல்லை. அதற்குப் பின்னால் இருந்த இடத்தை.

பலகையில் ஒரு ஸ்பானர் மெல்ல ஆடிற்று. கோடு திரும்பியது, கொஞ்சம்போல, இடப்பக்கம். மறுபடியும் அவருக்கு நேராக.

திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. கை மட்டும் தானாக வேலை செய்தது. வருஷக்கணக்காகச் செய்த காரியம். வெட்டும் முன் மேசையை அசையாமல் பூட்ட வேண்டும். ஆலன் கீ. முதல் திருகு. கை வழுக்கியது. அடுத்த திருகு. முழு பலத்தோடு இறுக்கினார். இரும்பு ஒருமுறை முனகியது.

பிறகு ஒன்றும் இல்லை.

காற்றுகூட ஓய்ந்தது போலிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாரோ. யாரும் தொடவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. நாற்றம் போய்விட்டதாகத் தோன்றியது. அல்லது மூக்குக்குப் பழகிவிட்டது. கடைசியில் துணிந்து திரும்பினார். பலகை, ஸ்பானர்கள், காலண்டர். டயல் கேஜைத் தேடி எடுத்து மேசையில் பொருத்தினார். முள் பூஜ்யத்தில் நின்றது. அடுப்பைத் தூண்டிவிட்டார், நின்றது. கதவைத் திறந்து மூடினார், நின்றது. மேசையை முட்டியால் இடித்துப் பார்த்தார். கல் மாதிரி நின்றது.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தார். இத்தனை மாதம் உயிரை வாங்கிய முள். தன் வாழ்நாளில் இவ்வளவு அழகாக நின்ற முள்ளை அவர் பார்த்ததில்லை.

தொலைபேசி அடித்தபோது வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது.

"வெஸ், பெவர்லி தேவலாம். சுளுக்குதான். ரெய்னோ அந்தப் பக்கம்தான் பனி தள்ளிக்கிட்டு வரானாம். அவனோட வந்துடவா, இல்ல இங்கயே படுத்துட்டு காலைல வரவா?"

அவர் முள்ளைப் பார்த்தார்.

"அங்கேயே இரு" என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் அவருக்குத் தனியாக இருக்கப் பயமாக இருந்தது. முள்ளோ நின்றுகொண்டிருந்தது.

"வா," என்றார். "எல்லாம் சரியாயிடுச்சு. உன் சக்கரத்த வெட்டப் போறேன்."

"நம்பிட்டேன்," என்றாள். அவள் சிரிப்பது கேட்டது.

சொன்னபடியே உலோகத் துண்டைப் பூட்டி, மெஷினை ஓடவிட்டு, முதல் பல்லை வெட்டினார். சுருள் சுருளாக இரும்பு விழுந்தது. அருமையான வெட்டு. அடுத்த பல்லுக்கு இண்டெக்ஸரின் பொத்தானை அழுத்தினார். மோட்டார் உறுமியது. மேசை திரும்பவில்லை. பூட்டுத் திருகைத் தளர்த்தவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டு மெஷினை நிறுத்தி ஆலன் கீயை எடுத்தார்.

எடுத்த கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

பூட்டினால் எந்த மேசையும்தான் நிற்கும். இவர் அடக்கியது மேசையை. அதையல்ல. ஜுரமானியை உடைத்துப் போட்டுவிட்டு ஜுரம் இறங்கிவிட்டது என்று வீட்டுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். இவ்வளவு நேரமும் அது எங்கே இருந்தது, எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அவளை வா என்று சொன்னது அவர்.

தொலைபேசியில் மார்லிஸின் எண்ணை அழுத்தினார். மணி அடிக்கவே இல்லை, அந்தச் சாலையில் எப்போதும் சிக்னல் கிடைக்காது. மறுபடி அழுத்தினார். அப்போது இடப்பக்கம் மரங்களுக்கு நடுவே லாரியின் மஞ்சள் விளக்கு சுழன்றது.

தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். முதல் திருகைத் தளர்த்தினார், பிறகு அடுத்ததை.

மேசை திரும்பியது. பற்களைக் கடித்துக்கொண்டு, இதுவரை போகாத வேகத்தில், உலோகத் துண்டோடு சேர்ந்து திரும்பி, இடப்பக்கத்தில் போய் நின்றது. சாலையோரம். லாரி வந்து நிற்கும் இடம்.

அங்கே காத்துக்கொண்டு நின்றிருந்தது.

வெஸ்லி ஜன்னலுக்குப் பாய்ந்தார். லாரிக் கதவு திறந்தது. மார்லிஸ் அந்த உயரமான படியிலிருந்து, பின்பக்கமாக, கவனமாக இறங்கினாள். ரெய்னோ ஹாரனை ஒருமுறை தட்டிவிட்டுப் போய்விட்டான். ஆலன் கீயால் கண்ணாடியைத் தட்டினார். பெயரைச் சொல்லிக் கத்தினார். அவள் காதில் கம்பளித் தொப்பி. ஆனாலும் சத்தம் கேட்டு இந்தப் பக்கம் திரும்பி, கையை உயர்த்தி ஆட்டினாள். பிறகு முற்றத்தில் நடந்தாள்.

வெளியே ஓட வேண்டும். கால் வரவில்லை. தலையை மட்டும் திருப்பினார். கோடு நடந்துகொண்டிருந்தது, அவள் நடையின் அளவிலேயே. அவள் வழுக்கி ஒரு கணம் நின்றாள், அது நின்றது. அவள் நடந்தாள், அது நடந்தது. பனியில் ஒரே ஒரு வரிசைத் தடம் வீட்டை நோக்கிப் போனது.

வாசல் விளக்கடியில் அவள் பூட்ஸை உதறினாள். கழுத்தைத் திருப்பி, தோளுக்குப் பின்னால், யாரிடமோ சொல்வதுபோல என்னவோ சொன்னாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. கதவைத் திறந்து உள்ளே போனாள். உடனே சாத்தவில்லை. சட்டத்தோடு ஒதுங்கி நின்று, நீட்டிய கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, இன்னொருவர் நுழைய ஆகும் நேரம் அளவுக்குக் காத்திருந்தாள்.

அப்புறம் கதவைச் சாத்தினாள்.